படுங்க சார்

எங்கள் பல்கலைக்கழக ஹாக்கி கிளப்பில் நான் மேனேஜர். வணிகவியல் துறையில் பாடம் நடத்துவது பிழைப்பு, கிளப்பில் திட்டு வாங்குவது கூடுதல் பொறுப்பு. பந்து தொலைந்தால் நான், பஸ் வராவிட்டால் நான், தண்ணீர் கேனில் எறும்பு மிதந்தாலும் நான். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது, ஜோக்காக வந்து கொட்டும். ஒருமுறை பல் டாக்டரே மெஷினை நிறுத்திவிட்டு, "சார், கொஞ்சம் வாயை மூடுங்க" என்று கெஞ்சியிருக்கிறார்.

அந்த ஆவணி மாதத்துச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாவட்ட லீக்கில் எங்களுக்குக் கடைசி இரண்டு ஆட்டங்கள். சனிக்கிழமை ஆட்டத்தில் செமத்தியாக அடி வாங்கினோம். மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை, வில்லாபுரம் பக்கத்து கிளப்போடு. ஜெயிக்கக்கூட வேண்டாம், டிரா செய்தால் முதல் டிவிஷனில் தங்கிவிடலாம். தோற்றால் இரண்டாம் டிவிஷன். அங்கே நடக்கும் ஆட்டங்களை எந்தத் தேர்வாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையை நம்பி ஆடும் பையன்கள் எங்களிடம் இருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு வருடம் குழிக்குள் இறங்குகிற மாதிரி.

சனிக்கிழமை தோற்ற கையோடு, மைதானத்து ஓரத்தில் எங்கள் கோல்கீப்பர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். தாவரவியல் மாணவன், உசிலம்பட்டிப் பக்கம். கேப்டனைப் பார்த்துத்தான் பேசினான்.

"அண்ணே, நாளைக்கு நான் வர முடியாதுண்ணே. அக்கா மகளுக்கு அழகர்கோவில்ல காதுகுத்து. பிள்ளைய நான்தான் மடியில வைக்கணும்."

கேப்டன் ஓர் ஆராய்ச்சி மாணவர். ஆராய்ச்சியை எப்போது முடிப்பார் என்பது அவருடைய வழிகாட்டிக்கே தெரியாது. அதனால் எங்கள் கிளப்பில் நிரந்தரமானவர் அவர் ஒருவர்தான். கால் பாதுகாப்பு அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வேற யாராச்சும் வைக்கட்டும்."

"தாய்மாமன் நான் ஒருத்தன்தாண்ணே. நான் இல்லாம குத்துனா எங்க மச்சான் வீட்டுல எங்கக்காவ உக்கார வச்சுப் பேசிருவாய்ங்க."

"மேட்ச் சாயங்காலம்தானடா? காதைக் குத்திட்டு, கறிச்சோறத் தின்னுட்டு வந்து சேரு."

"சாயங்காலம்னா வந்துருப்பேண்ணே. காலையில ஒம்பது மணிக்குன்னு சார்தான மாத்துனாரு."

பதினைந்து தலைகள் என் பக்கம் திரும்பின.

மாற்றியது நான்தான். கோல்கீப்பரைத் தவிர இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. போனில் ஞாயிறு சாயங்காலத்துக்கு நேராக ஒரு மேகமும் இரண்டு சொட்டு மழையும் படம் போட்டிருந்தது. மழை பெய்து ஆட்டம் நின்றால் என்ன ஆகும், மறு தேதியில் பரீட்சை வந்தால் என்ன ஆகும், பையன்கள் ஊருக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நானே பயம் காட்டிக்கொண்டு, லீக் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி நேரத்தைக் காலைக்கு மாற்றியிருந்தேன். வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அந்தத் தாளில் முகூர்த்த நாள் என்று பட்டையாகப் போட்டிருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

"நீங்க மதுரைதான சார்?" என்றார் கேப்டன்.

"ஆமா, கே.கே. நகர்."

"ஆவணி வளர்பிறை ஞாயித்துக்கெழமை காலையில மேட்ச் வைக்கிற ஒரே மதுரைக்காரர் நீங்கதான் சார். இந்நேரம் எம்புட்டு மண்டபத்துல வாழைமரம் கட்டிக்கிட்டிருக்காய்ங்க தெரியுமா?"

"அப்ப தேங்காய்ப்பையாவது கிடைக்கும்ல?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது கோல்கீப்பருன்னு யார் பேரைக் குடுத்துருக்கோம்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் கேப்டன்.

ஞாபகம் இருந்தது. லீக்கில் ஒவ்வொரு அணியும் இரண்டு கோல்கீப்பர்களைப் பதிய வேண்டும், ஆசிரியர் ஒருவரும் ஆடலாம். ஆள் கிடைக்காமல் என் பெயரையே நான் எழுதிக் கொடுத்திருந்தேன். கல்லூரியில் இரண்டு வருடம் கோலில் நின்றவன் நான். அப்போது எனக்கு இடுப்பு என்று ஒன்று இருந்தது.

ஞாயிறு காலை கிளம்பும்போது என் மனைவி கேட்டாள். "அங்க ஹெல்மெட் போடுவாங்கல்ல?"

"போடுவாங்க."

"நல்லது. பைக்ல போறப்பதான் போடுறதில்ல."

மைதானம் செம்மண் பூமி. ஒன்பது மணிக்கே தோசைக்கல் மாதிரி காய்ந்தது. மேகம் மருந்துக்கும் இல்லை. கால்களுக்கு மெத்தை மாதிரி இரண்டு பேடு, மேலே மார்புக் கவசம். பல பட்டப்படிப்புகளின் வியர்வை அதற்குள் ஊறியிருந்தது. மார்புக் கவசத்தின் வார் என் முதுகில் ஒன்றோடொன்று சேர மறுத்தது. பேனர் கட்டும் கயிற்றை எடுத்து, முதுகில் முழங்காலை ஊன்றி, மாட்டை வண்டியில் பூட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினார் கேப்டன்.

"மூச்சு விட முடியல தம்பி."

"விட்டு என்ன செய்யப் போறீங்க?"

கோலுக்குப் பின்னால் வில்லாபுரத்து ஆதரவாளர்கள் வண்டிகளை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"டேய், கோலுக்குள்ள என்னடா நெல்லுக் குதிரு ஒண்ணை வச்சிருக்காய்ங்க?"

"குதிரு இல்ல மாப்ள, ஆளுதான். மூச்சு வாங்குது பாரு."

திரும்பி ஒரு பதில் சொல்லலாம் என்று பார்த்தேன். ஹெல்மெட் திரும்பியது, நான் திரும்பவில்லை.

அப்போதுதான் எதிரணியின் சென்டர் ஃபார்வர்டைப் பார்த்தேன். அவன் என் பழைய மாணவன். என் பாடத்தில் வருகை குறைவு என்று ஒரு பருவத்தில் அவனுக்கு நான் ஹால் டிக்கெட் நிறுத்தியிருந்தேன். அதற்காக அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. ஆனால் அன்று அவன் கையில் ஹாக்கி மட்டை இருக்கவில்லை.

நேராக என்னிடம் வந்து மட்டையால் என் பேடில் தட்டினான்.

"சார், இன்னைக்கு நான் ப்ரெசென்ட்."

"லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும்" என்றேன்.

ஆட்டம் தொடங்கியதும் எங்கள் பையன்கள் வெறியோடு ஆடினார்கள். முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டார்கள். நான் கொண்டாடக் கையைத் தூக்கினேன், கயிறு அனுமதிக்கவில்லை. இரண்டாம் பாதியில் அந்தப் பழைய மாணவன் பந்தோடு தனியாக என்னை நோக்கி வந்தான். கோலை விட்டு முன்னால் போய் மறிக்க வேண்டும் என்பது பாடம். நானும் போனேன். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் கோல் போட்டுவிட்டுத் திரும்பி வந்த பிறகும் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு ஒன்று.

"சார், வீட்டுக்கா போறீங்க? பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்!" என்று கோலுக்குப் பின்னாலிருந்து கத்தினார்கள்.

ஒன்றுக்கு ஒன்று என்றால் டிரா. எங்களுக்கு அது போதும். கடைசி நிமிடங்கள் வரை அப்படியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அப்போது எங்கள் கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் எங்கள் பையன் ஒருவன் காலில் பந்து பட்டது. பெனால்டி கார்னர்.

கார்னர் என்றால் கோல்கீப்பரும் நான்கு தடுப்பாளர்களும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். எதிரணிக்காரன் ஓரத்திலிருந்து பந்தை உள்ளே தள்ளுவான், வட்டத்தின் விளிம்பில் இன்னொருவன் அதை நிறுத்த, மூன்றாமவன் அடிப்பான். பந்தைத் தள்ளிய பிறகுதான் நாங்கள் கோட்டைத் தாண்டலாம்.

கேப்டன் என் ஹெல்மெட்டின் கம்பியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. முதல் அடி அந்தப் பலகை உசரத்துக்கு மேல வந்தா கோல் கிடையாது. நீங்க நின்னு ஒண்ணும் கிழிக்கப் போறதில்ல. பந்தை உள்ள தள்ளுனதும் முன்னால போயி குறுக்க படுத்துருங்க. உங்க உடம்பு பலகைக்குச் சரியா இருக்கும்."

கோலின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை உண்டு. அவர் அதையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். அளவு பார்க்கும் தச்சர் தோற்றார்.

பந்தைத் தள்ளுவதற்கு ஓரத்தில் நின்றவன் குனிந்தான். நான் பாய்ந்துவிட்டேன். அவன் இன்னும் தள்ளவில்லை.

விசில். கோல்கீப்பர் முந்திக்கொண்டால் தண்டனை கோல்கீப்பருக்கு இல்லை. தடுப்பாளர்களில் ஒருவனை நடுக்கோட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் இருப்பவர்களோடு சமாளிக்க வேண்டும். கேப்டன் ஒருவனைப் போகச் சொன்னார். அவன் போகும் வழியில் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். நான் அவனுக்கு ஆசிரியர் என்பதால் அது என் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

மறுபடி குனிந்தான். மறுபடி பாய்ந்தேன். மறுபடி விசில். இன்னொருவனும் போனான். அம்பயர் மூக்கு விடைக்க வந்து நின்றார்.

"என்ன சார், தீபாவளிக்கு டிரெய்ன் டிக்கெட்டா எடுக்குறீங்க? இம்புட்டு அவசரம்?"

"சார், இன்னொரு தடவை நீங்க ஓடுனா, நானே அவனுக்குப் பந்தைக் குடுத்துக் கோல் போடச் சொல்லிருவேன்" என்றார் கேப்டன்.

மூன்றாம் முறை நான் அசையவில்லை. பந்தை உள்ளே தள்ளினார்கள். "படுங்க சார்!" என்று ஒரு அலறல் கேட்டது. முன்னால் இரண்டு எட்டு வைத்து, அறுத்துப் போட்ட மரம் மாதிரி விழுந்தேன். என் பழைய மாணவன் அடித்தான். வயிற்றில் ஏதோ வெடித்தது. கண்ணைத் திறந்தேன். கோலுக்குள் பந்து இல்லை, வெளியேயும் இல்லை. எல்லோரும் தேடினார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது. தொப்புளுக்குக் கீழே உருண்டையாக, கல்லாக அழுத்திக்கொண்டிருந்தது.

எழுந்தால் பந்து வெளியே வரும். அவன் இரண்டு எட்டில் நிற்கிறான். எழாவிட்டால் குற்றம். இது எனக்குத் தெரியாத விதி இல்லை. தெரிந்த விதிகளெல்லாம் அந்த நேரத்தில் விடுமுறையில் போயிருந்தன. ஓடும் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்தவன்போல் இன்னும் கொஞ்சம் அழுத்திப் படுத்தேன்.

"எந்திரிங்க சார்! எந்திரிங்க!" கேப்டனின் குரல்.

அம்பயர் குனிந்தார். "பந்து உங்களுக்குக் கீழ இருக்கா? தெரியாம மாட்டியிருந்தா இன்னொரு கார்னர்தான் குடுப்பேன். எந்திரிங்க."

நல்ல மனிதர். கையைக் காட்டி, எழ முடியவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். அது பொய்யும் இல்லை. என் வாய் திறந்தது.

"பந்தா? இங்க ஒண்ணும் இல்லையே சார். நல்லாத் தேடுங்க, வில்லாபுரத்துப் பக்கம் போயிருக்கும்."

அம்பயர் நிமிர்ந்தார். ஒரு கையைக் கோலுக்கு எதிரே இருந்த பெனால்டி புள்ளியை நோக்கி நீட்டி, மற்றொரு கையை வானத்தை நோக்கித் தூக்கினார். பெனால்டி ஸ்ட்ரோக். எதிரே ஒருத்தன், கோலில் நான், நடுவில் யாரும் இல்லை.

என்னை எழுப்பி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். என் பழைய மாணவன்தான் பந்தை வைத்தான். சிரிக்கவில்லை, கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எந்தப் பக்கம் பாய்வது என்று நான் முடிவு செய்துகொண்டிருந்தபோது பின்னால் பலகையில் டமால் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் நான் இடப்பக்கம் பாய்ந்தேன். கோலுக்குப் பின்னால் வண்டிகளின் ஹாரன் எல்லாம் ஒன்றாக அலறியது. கொஞ்ச நேரத்தில் கடைசி விசில்.

அவன் என்னிடம் வந்தான். கை கொடுப்பான் என்று கையுறையைக் கழற்றினேன்.

"சார், ஒரு பேப்பர்னால எனக்கு ஒரு வருஷம் போச்சு" என்றான்.

"இப்ப எங்களுக்கும் ஒரு வருஷம் போச்சு. சரியாப் போச்சா?"

"இல்ல சார். நீங்க கீழ போயிட்டீங்க. அடுத்த வருஷம் உங்களுக்கு கோல் போட முடியாது. அதான் வருத்தமா இருக்கு." கையைக் கொடுக்காமலே போய்விட்டான்.

எங்கள் பையன்கள் யாரும் என் பக்கம் வரவில்லை. கடைசி வருடத்து மாணவன் ஒருவன் துண்டை முகத்தில் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த ஸ்போர்ட்ஸ் கோட்டா பையன்களில் ஒருவன். அவனைப் பார்க்காமல் இருப்பதற்காக நானும் ஓரமாக உட்கார்ந்து முதுகுக் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தேன். முடிச்சு எட்டவில்லை.

கேப்டன் வந்து பின்னால் நின்றார். கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். விலா எலும்பில் எரிந்தது.

"தம்பி, நான் மேனேஜர் வேலையை விட்டுர்றேன். வேற யாரையாச்சும் போட்டுக்கங்க."

"விட்டுட்டு?"

"நிம்மதியா வீட்டுல இருக்கேன்."

"நாங்க எல்லாரும் ரெண்டாம் டிவிஷன்ல வெயில்ல சாகணும், நீங்க கே.கே. நகர்ல ஃபேனுக்கு அடியில படுத்துக் கெடக்கணும். நல்லாருக்கு சார்." முடிச்சு அவிழ்ந்தது. கயிற்றைச் சுருட்டி என் மடியில் போட்டார். "நாளைக்கு விடிஞ்சதும் கிரவுண்டுக்கு வாரீங்க. பேடு எல்லாத்தையும் கட்டிக்கிட்டு."

"எதுக்கு?"

"எந்திரிக்கப் பழகணும்ல."

போனேன். போகாமல் இருக்கப் பயமாக இருந்தது. மைதானத்தில் வேறு யாரும் இல்லை. கோலுக்கு முன்னால் என்னைக் குறுக்கே படுக்க வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார் கேப்டன். முழங்கையை ஊன்றினேன், வழுக்கியது. புரண்டேன், மறுபடி மல்லாந்தேன். வாய்க்குள் மண் போனது. "எந்திரிங்க. எந்திரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிவரை கை கொடுத்துத் தூக்கவில்லை.