பெல்ட் போட்டுக்கொண்டு போன திங்கட்கிழமை

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புடவைக்கு மேல் ஒரு நீலக் கோட்டை மாட்டிக்கொள்வோம், அதுதான் எங்களுக்கு யூனிபார்ம். எனக்கு அறுபது நடக்கிறது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் வேலையில் என்னை ஒரு சொல் சொல்ல ஆள் கிடையாது.

எங்கள் சூப்பர்வைசர் பெண் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று நானே மேனேஜரிடம் போய்க் கேட்டேன். யாராவது கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று காத்திருக்கிற வயசா எனக்கு? மேனேஜர் நல்ல பிள்ளைதான், கொஞ்சம் நெளிந்தார். "வேலைல உங்கள அடிச்சுக்க ஆளில்லம்மா. ஆனா சூப்பர்வைசர்னா பேன்ட்டு, சட்டை, இன் பண்ணி பெல்ட்டு போடணும். உங்களுக்கு..." என்று நிறுத்தினார். அவர் கண் என் வயிற்றுக்குப் போய்த் திரும்பியது.

நான் சின்ன வயசிலிருந்தே பெருத்த உடம்பு. மூன்று பிள்ளை பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம். தெருவில் எனக்கு வைத்திருந்த பேரே பீப்பா. புடவை கட்டினால் எல்லாம் உள்ளே அடங்கிவிடும். பேன்ட் போட்டுச் சட்டையை உள்ளே விட்டால் எதுவும் அடங்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"திங்கக்கிழமை ஹெட் ஆபீஸ்லேந்து பெரிய சாரு வர்றாருன்னீங்களே. அன்னிக்கு பேன்ட்டோட வந்தா குடுப்பீங்களா?" என்றேன். "வாங்கம்மா, பாப்போம்" என்று சிரித்தார். நான் வரமாட்டேன் என்று நினைத்த சிரிப்பு அது.

ரெடிமேட் கடைக்குப் போனேன். இருந்ததிலேயே பெரிய பேன்ட் தொடைக்கு மேல் ஏறவில்லை. கடைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கிருந்து நேராக அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஜென்ட்ஸ் டெய்லரிடம் போனேன். அவர் பெண்களுக்கு அளவு எடுத்ததில்லையாம். உள்ளே பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் என் இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புருஷன் காதுக்குப் பக்கத்தில் போய் மெதுவாக முணுமுணுத்தாள். கடையில் இரண்டு மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்காகத்தான் அப்படிச் செய்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாத்துக்கு ரகசியம்? சத்தமா சொல்லும்மா. என் இடுப்புதான, எவன் ஊட்டுதும் இல்லியே" என்றேன்.

"அம்பது!" என்றாள். ஒரு ஆள் தலையைத் தூக்கிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். மறுபடி போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால், சட்டையை முட்டி வரைக்கும் நீளமாக, இரண்டு பக்கமும் பிளவு வைத்துத் தைத்திருந்தார். பேன்ட்டில் எலாஸ்டிக். பெல்ட் கோக்க லூப்பே இல்லை. "யக்கா, சட்டைய மேல தொங்க வுட்டா வயிறு தெரியாது. உனக்கோசரம்தான்" என்றார்.

"மறைக்கிறதுக்கு நான் இன்னா திருடிக்கினா வந்தேன்? பிரிச்சி தைப்பா. லூப்பு வை."

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கடை லீவு. இருந்தும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாக உட்கார்ந்து முடித்து வைத்திருந்தார்கள். சட்டையை எப்படி உள்ளே விடுவது, பெல்ட்டை எந்தத் துளையில் மாட்டுவது என்று அந்தப் பெண்தான் காட்டிக் கொடுத்தாள். கண்ணாடியில் ஒரு குண்டுப் பொம்பளை நின்றாள். கொஞ்ச நேரம் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. "தோள தூக்கி நில்லு யக்கா" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். நின்றேன். அப்புறம் அது நான்தான்.

வீட்டில் மகன் குதித்தான். "இந்த வயசுல தேவையாம்மா இது? நான் தெருவுல தல காட்ட வாணாவா?"

"நல்லா காட்டு. உன் தலைய யாருடா கேட்டா?" என்றேன்.

புடவையில் போய் ஆபீஸில் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பையில் மடித்துக்கூட வைத்துவிட்டேன். காலையில் என்ன தோன்றியதோ, பையைக் கட்டிலில் போட்டுவிட்டு, முகப்பேரில் எங்கள் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் பேன்ட் சட்டையோடு இறங்கினேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு படியாக இறங்கினேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த கீழ்வீட்டுக்காரி, "இன்னா யக்கா, போலீஸ்ல எட்த்துக்கினாங்களா?" என்று கத்தினாள்.

"ஆமாண்டி. மொத கேசே உம்மேலதான். மாடிப்படில குப்ப கொட்டுறியே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு கைப்பிடிச் சுவரை விட்டுவிட்டு மிச்சப் படியையும் இறங்கினேன்.

ஆபீஸில் மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெரிய சாருக்கு மாடிகளைச் சுற்றிக் காட்டச் சொன்னார். பெரிய சார் வந்தார். மாடி மாடியாக என்னோடு நடந்தார். ஆள் பற்றாத நாளில் எப்படிச் சமாளிப்பீர்கள், புதுசாக வருகிறவர்களை யார் பழக்குவார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். சொன்னேன். என் சட்டையையும் பார்க்கவில்லை, வயிற்றையும் பார்க்கவில்லை. "இவங்களே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு லிப்டில் ஏறிவிட்டார். அவ்வளவுதான்.

இப்போது என்னிடம் அதே மாதிரி மூன்று செட் இருக்கிறது. எங்கள் ஆட்களில் ஒருத்தி, என்னைவிடக் கனத்தவள், போன வாரம் அந்த டெய்லர் கடை எங்கே என்று கேட்டாள்.

இந்த உடம்பை வைத்துக்கொண்டு உனக்கு எதற்கு இதெல்லாம் என்று என்னைக் கேட்டவர்கள் நிறையப் பேர். இந்த உடம்பால்தான் அத்தனை மாடியும் துடைத்தேன், அதற்கு அளவாகத் துணியைத்தான் வெட்ட வேண்டும், ஆசையை வெட்டக் கூடாது என்பதில் அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.