ஏழு சைபர்

நுவரெலியாவில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பதுகளின் கடைசியில். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பராமரிப்பது எப்படி என்ற கையேடுகளை அதில் எழுதி வைத்து, வேண்டியபோது அச்சடிப்பதாகத் திட்டம். அந்த அறையைக் கூட்டுவதும் பிரிண்டருக்குக் கடதாசி போடுவதும் என் வேலை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும். சேர்த்து வாசிக்க வராது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு மிஸ் வந்திருந்தார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து கொழும்பில் படித்தவர். தற்காலிக வேலைதான். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து வருகிறவர்கள் முன்னால் கையேடு ஒழுங்காக அச்சாகி வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அத்தோடு சரி. இதை அவரே என்னிடம் சொன்னார்.

கையேட்டைப் பக்கம் பக்கமாக அடுக்கித் தரும் புரோகிராம் வெளிநாட்டிலிருந்து டேப்பில் வந்திருந்தது. யூனிக்ஸ் என்ற இயக்க முறை உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும்படி எழுதியதாம். ஆனால் வந்தவுடன் ஓடாது. இந்தக் கம்ப்யூட்டரில் எந்தெந்த வசதி இருக்கிறது, எது இல்லை என்று ஒரு பட்டியலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் புரோகிராமை உருவாக்க முடியும்.

செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகத் தலைவரான பெரியவர் மிஸ்ஸைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணே, ஒரு ஒத்தாச பண்ணுங்க. இந்தப் பேர ஒவ்வொண்ணா தட்டுங்க. கம்ப்யூட்டர் சோதிச்சுப் பாத்து ஒண்ணு, இல்லாட்டி சைபர் காட்டும். அதையே பட்டியல்ல அந்தப் பேருக்கு நேரா போடுங்க."

"எனக்கு வாசிக்க வராதுங்க மிஸ்."

"வாசிக்கச் சொல்லலியே. பாத்துத் தட்டுங்க. கொழுந்து எடுக்கிறத விட லேசு."

"நான் கொழுந்து எடுத்ததில்லீங்க."

"அப்ப தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுறத விட லேசு. போதுமா?"

சைபர் வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அந்த வசதி இல்ல, இல்லாட்டி பேருக்குத்தான் இருக்கு, ஒழுங்கா வேல செய்யாதுன்னு அர்த்தம். பரவால்ல. அதுக்கு மாத்துச் சாமான் புரோகிராமோடயே வந்திருக்கு. நாம சைபர் போட்டாத்தான் அத எடுக்கும்."

தலையாட்டினேன். பாதிதான் விளங்கியது. மறுபடி கேட்கக் கூச்சம்.

முதல் சில பெயர்களுக்கு ஒன்று வந்தது. பிறகு ஒரு சைபர். கை நின்றுவிட்டது. மெஷின் சரியில்லை என்றால் கொழும்புக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக அன்று காலையில்தான் பெரியவர் வாசலில் நின்று சொல்லியிருந்தார். மெஷின் போனால் அறையை மூடிவிடுவார்கள். மிஸ்ஸும் இல்லை, நானும் இல்லை.

எழுபதுகளில், நான் சிறுவனாக இருந்தபோது, அப்பாவோடு விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்குப் போவேன். அங்கேதான் ஆட்களை வேலைக்குப் பிரிப்பார்கள். கவ்வாத்துக் காலத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஒவ்வொருவரிடமும் "கத்தி இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்றவரை லயத்துக்குத் திருப்பி அனுப்புவார். அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. கைப்பிடி உடைந்த கத்தியைச் சாக்குத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அப்பா "இருக்குங்க" என்பார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். மேலே இருந்து ஒருவர் கேட்டால் இருக்குங்க.

பட்டியலில் ஒன்று போட்டேன். அப்படியே மொத்தம் ஏழு இடத்தில்.

புதன்கிழமை மிஸ் புரோகிராமை உருவாக்கினார். ஒரு பிழையும் காட்டவில்லை. சந்தோஷத்தில் எனக்கும் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அச்சடித்துப் பார்த்தபோது இரண்டு பக்கம் நன்றாக வந்தது. மூன்றாம் பக்கத்தில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பிறகு நின்றுவிட்டது.

தான் எழுதிய கையேட்டில்தான் தவறு என்று நினைத்து அன்று முழுக்கவும் மறுநாளும் வரி வரியாகத் தேடினார். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. வியாழக்கிழமை பின்னேரம் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அந்த ஒண்ணு, சைபர் எல்லாம் பாத்துத்தானே போட்டீங்க?"

"பாத்துத்தாங்க மிஸ்."

"உங்களச் சந்தேகப்பட்டுக் கேக்கல. கோவிச்சுக்காதீங்க."

வாயைத் திறந்தேன். பிரிண்டருக்குக் கடதாசி வேண்டுமா என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து வந்தவர்கள் அரை மணி நேரம் இருந்தார்கள். மூன்றாம் பக்கத்தைக் கையில் பிடித்துப் பார்த்து ஒருவர் சிரித்தார். பின்னேரம் வேலை முடிந்தது என்ற கடிதத்தை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டார்கள்.

அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஹட்டன் பஸ் பக்கத்தில் பையை இறக்கி வைத்தபோதுதான் சொன்னேன்.

"மிஸ், ஏழு சைபர் வந்துச்சுங்க. நான் ஒண்ணு போட்டுட்டேன்."

பஸ் படியில் வைத்த காலை அவர் கீழே எடுத்தார்.

"ஏன் அண்ணே?"

"மெஷினத் திருப்பி அனுப்பிருவாங்கன்னு..."

"புதன்கிழம சொல்லியிருக்கலாமே," என்றார். திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை.

"இப்ப வந்து பெரியவர்கிட்ட சொல்றேங்க."

"வேணாம். அவங்க முடிவு பண்ணிட்டாங்க. உங்க வேலையும் போயிரும். திங்கக்கிழம என் எடத்துக்கு வர்றவங்ககிட்ட அந்த ஏழையும் மாத்தச் சொல்லுங்க."

பையை வாங்கிக்கொண்டு ஏறினார். ஜன்னல் கண்ணாடியில் மழைத்தண்ணீர். முகம் தெரியவில்லை.

திங்கட்கிழமை வந்தவரிடம் ஏழு இடத்தையும் காட்டினேன். மாற்றினார். கையேடு முழுதும் அச்சாகியது. பெரியவர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். நான் பக்கங்களை அடுக்கிக் கட்டினேன். அப்போதும் பெரியவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மிஸ் வேண்டாம் என்றதால்தான் சொல்லவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.