மோட்டார்க்காரன் எழுதிய ஒரு வரி

திருமயத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர் ஆத்மநாதன். எரிந்துபோன மோட்டாரில் கருகிக் கிடக்கும் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். வயது நாற்பத்தெட்டு, படிப்பு எட்டாவது. வார்னிஷ் ஊற்றிய கம்பிச்சுருள் காய வேண்டுமே, அந்த நேரத்தில் சும்மா இருக்கமாட்டார். கடை மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுவார்.

யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் தமிழில் இருக்கிறதல்லவா, அதில் புதிதாக எழுத வருகிறவர்கள் தட்டுத் தடுமாறினால் கேட்பதற்கு ஒத்தாசைப் பக்கம் என்று ஒன்று உண்டு. அங்கே பதில் சொல்லும் தன்னார்வலர்களில் ஒருவர் நம்ம ஆள். அங்கே அவர் பெயர் ‘மோட்டார்க்காரன்’. பத்து வருசமாகப் பதில் சொல்கிறார். கேள்வி எதுவானாலும் முதல் பதில் ஒன்றுதான்: மேற்கோள் எங்கே? எங்கள் ஊர்க் கோயில் ஆயிரம் வருசத்துக் கோயில் என்று ஒருவர் எழுதினால், எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, பக்கம் எத்தனை என்று கேட்பார். என் தாத்தா சொன்னார் என்றால், உங்கள் தாத்தா அதை அச்சில் சொன்னாரா என்பார். பேராசிரியர்களே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

போன சித்திரையில் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு, ஒத்தாசைப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. கேட்டவர் பெயர் வைஷ்ணவி.

“வணக்கம். கொழிஞ்சிப்பட்டி என்ற கட்டுரையில், ‘கண்மாயில் உபரி நீர் வழியும் கலிங்கைக் கட்டியவர்கள் பெரியவீட்டு வகையறாவின் முன்னோர். ஆகவே மீன்பிடித் திருவிழாவில் துண்டு வீசும் உரிமை வழிவழியாக அவர்களுக்கே உரியது’ என்று இருக்கிறது. மேற்கோளாக ஐயனார் கோயில் கும்பாபிஷேக மலர் காட்டப்பட்டுள்ளது. மலர் அச்சானது 2018. ஆனால் இந்த வரி கட்டுரையில் 2014-லேயே இருக்கிறது. சொல்லுக்குச் சொல் அதேதான். மலர்தான் இங்கிருந்து எடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட நூலை மேற்கோளாக ஏற்கலாமா? எங்கள் ஊரில் இதை வைத்துப் பெரிய பிரச்சினை. விரைவாகப் பதில் தாருங்கள்.”

ஆத்மநாதன் இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து போய், திறந்தே கிடந்த வார்னிஷ் டப்பாவை மூடினார். மறுபடி வந்து உட்கார்ந்தார்.

கொழிஞ்சிப்பட்டி அவர் பெண் எடுத்த ஊர். பெண் எடுத்தது மட்டுமல்ல, குடியிருப்பதும் அங்கேதான். மாமனார் கொடுத்த மனை, மச்சான் நாகராசு நின்று கட்டிக்கொடுத்த வீடு. அந்த நாகராசுதான் பெரியவீட்டு வகையறாவின் இன்றைய தலை. அந்த வரியை எழுதியவர் வேறு யாருமில்லை, மோட்டார்க்காரன்தான்.

துண்டு விசயம் இதுதான். கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீருக்கு வந்ததும், ஒருநாள் சுற்றுவட்டாரத்துக்கே சொல்லி அனுப்புவார்கள். விடியும் முன்பே கச்சா வலை, ஊத்தா, பரி என்று மீன்பிடி சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் கரையில் வந்து நிற்பார்கள். ஆனால் ஒருவரும் காலை நனைக்கமாட்டார்கள். கரைமேல் நின்று ஒருவர் வெள்ளைத் துண்டை வீச வேண்டும். வீசிய பிறகுதான் இறங்குவார்கள். அந்தத் துண்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அன்றைக்கு ஊர்.

ஆத்மநாதன் கல்யாணமாகி வந்த வருசம் அந்தத் துண்டை வீசியது மடைக்கார வகையறாவின் பெரியவர். மடையைத் திறக்க முக்குளிக்கிற குடும்பம் அது. எந்த இடத்தில் குழி, எந்த இடத்தில் சேறு என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே பெரியவர் முதலில் இறங்கிக் காலால் துழாவிப் பார்த்துவிட்டு, ஈர வேட்டியோடு கரையேறி வந்து வீசினார். புது மாப்பிள்ளையாக ஊத்தாவைப் பிடித்துக்கொண்டு ஆத்மநாதன் அதைக் கண்ணால் பார்த்தார்.

அப்புறம் ஏன் அப்படி எழுதினார்? 2014-இல் அவர் எழுதிய முதல் கட்டுரை அது. ஊரைப் பற்றி மூன்று வரிக்கு மேல் ஓடவில்லை. மச்சானுக்குப் போன் போட்டார்.

“எழுது மாப்ளே, கலுங்கு கட்டுனது எங்க பாட்டன். துண்டு வீசுறது எங்க உரிமை. அதையும் சேத்து எழுது” என்றார் நாகராசு.

“மடைக்காரங்கதானே வீசுனாக?”

“அவங்க வீசுனாங்க, நாங்க வீசச் சொன்னோம். வெளங்குதா?”

விளங்கவில்லை. ஆனாலும் எழுதினார். வீடு பாதிச் சுவர் எழும்பி நின்ற நேரம் அது. மச்சான்தான் கொத்தனாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேற்கோள் கேட்கும் புத்தி ஆத்மநாதனுக்கு அப்போது வரவில்லை. வந்தபோது அந்த வரியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஊரெல்லாம் மேற்கோள் கேட்ட மனிதர், தன் முதல் கட்டுரைப் பக்கம் மட்டும் போகவில்லை. மறந்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நிசம் அதுவல்ல.

2018-இல் கும்பாபிஷேகம் வந்தது. மலர் அச்சடித்தவர்கள் ஊர் வரலாற்றுக்கு எங்கே போவார்கள்? கம்ப்யூட்டரில் தட்டினார்கள், வந்ததை அப்படியே போட்டார்கள். அடுத்த மாதமே யாரோ அந்த மலரைக் கட்டுரையில் மேற்கோளாகச் சேர்த்துவிட்டார்கள். அதன்பிறகு ஆறு வருசம் கண்மாய் வற்றவே இல்லை. துண்டுக்கு வேலையில்லாமல் போனது. இந்த வருசம் வற்றிவிட்டது.

அன்று மாலை வீட்டு வாசலில் நாகராசு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கும்பாபிஷேக மலர்.

“வா மாப்ளே. ஒன் வரிதான் இன்னைக்கு ஊரையே ஆட்டுது” என்று மலரைத் தட்டினார். “மடைக்கார அழகுமலை துள்ளுறான், எங்கப்பன் வீசுனது, நான் வீசுவேன்னு. இதைத் தூக்கிக் காட்டுனேன். வாயடைச்சுப் போனான். அவன் மக வைஷ்ணவி கந்தர்வகோட்டையில டீச்சராம்ல, அது எங்கிட்டோ எழுதிக் கேக்குதாம். கேக்கட்டும்.”

ஆத்மநாதன் சட்டையைக் கழற்றாமல் நின்றார். “மச்சான், அந்த வரிக்கு ஆதாரம் கெடையாது. நீங்க சொன்னதை நான் எழுதுனது.”

“நான் சொன்னா ஆதாரமில்லையா?” நாகராசு சிரித்தார். “இப்பத்தான் புஸ்தகத்துலயே வந்துருச்சே.”

உள்ளேயிருந்து மனைவி பிச்சையம்மாள் கண்ணாலேயே சொன்னாள், பேச்சை விடு என்று. நாகராசு போனதும் வாயால் சொன்னாள். “நீங்க கொளுத்திப் போட்டுட்டுக் கடைக்குப் போயிருவீங்க. நான்தான் அண்ணன் மொகத்துல முழிக்கணும். காது குத்துன்னா யாரு வரணும்? யோசிச்சுப் பாருங்க.”

யோசித்தார். மறுநாள் முழுக்க யோசித்தார். அந்த இரண்டு நாளும் ஒத்தாசைப் பக்கத்துக்கு வேறு ஆளும் வரவில்லை. கேள்வி அப்படியே கிடந்தது. வைஷ்ணவி கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: “ஐயா, யாராவது இருக்கிறீர்களா?”

மூன்றாம் நாள் எழுதினார். “அந்த வரியை 2014-இல் எழுதியவன் நான். என்னிடம் மேற்கோள் இல்லை. மலர் என் வரியிலிருந்து எடுக்கப்பட்டது. ஏற்கக்கூடாது. நீக்குகிறேன். மன்னிக்கவும்.” நீக்கினார். மோட்டாரிலிருந்து கருகிய கம்பியை உருவியது போல இருந்தது.

அந்த நிம்மதி ஒரு மணி நேரம் நின்றது. சார்ஜாவில் வேலை பார்க்கும் முகமது அஸ்வர் என்ற தன்னார்வலர் வரியைத் திரும்பப் போட்டுவிட்டார். கோட்டைப்பட்டினத்துக்காரர். எழுதப் பழகிய காலத்தில் விதிகளை எல்லாம் ஆத்மநாதனிடம்தான் கற்றார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க” என்று எழுதியிருந்தார். “அச்சு நூல் இருக்கிறது. மலர் உங்களிடமிருந்துதான் எடுத்தது என்பதற்கு என்ன சான்று? இரண்டு பேருமே ஊர் வழக்கிலிருந்து எடுத்திருக்கலாமே. உங்கள் நினைவு மேற்கோளாகாது. நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.”

“நான் கண்ணால பார்த்தேன் தம்பி. வீசுனது மடைக்காரங்க.”

“பார்த்ததை யாராவது அச்சில் போட்டிருக்கிறார்களா அண்ணே?”

ஆத்மநாதன் கீபோர்டைத் தள்ளிவைத்தார். எத்தனை பேரை இதே கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறார். ஒருத்தருக்கும் அவர் பதில் சொல்ல இடம் வைத்ததில்லை. இப்போது தனக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐயனார் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். கண்மாய்ப் பாசனக்காரர்களின் ஆயக்கட்டுச் சங்கத் தலைவர் ஆனந்தராஜ் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் நாகராசு, மறுபக்கம் அழகுமலை. ஆத்மநாதன் எழுந்தார். மாப்பிள்ளை முறைக்காரர் ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்கும் வழக்கமே கிடையாது. திறந்தார்.

“அந்த மலர்ல இருக்கிறது நான் எழுதுனது. ஆதாரமில்லாம எழுதுனேன். என் கல்யாணத்து வருசம் அழகுமலையண்ணன் அப்பா வீசுனதை நானே பாத்தேன்.”

நாகராசு முகம் கறுத்தது. ஆனால் கெட்டிக்காரர்.

“மாப்ள அடக்கமான ஆளு” என்றார் சத்தமாக. “தான் எழுதுனதைத் தானே பெருமையாச் சொல்லிக்க மாட்டாப்ள. நம்ம ஊரு வரலாத்த ஒலகத்துக்கே சொன்ன ஆளு!” நாலு பேர் கை தட்டினார்கள். கை தட்டல் பரவியது.

“அடக்கமில்லைங்க, நான் சொல்றது…”

“ஒக்காருங்க மாப்ள” என்றார் ஆனந்தராஜ். “நீங்க சொல்றதுக்குக் கடுதாசி ஏதாச்சும் இருக்கா? இல்லையில்ல? அவுககிட்ட புஸ்தகம் இருக்கு. பெரியவீட்டுக்காரங்களே வீசட்டும். அழகுமலை வழக்கம்போல எறங்கிக் குழி பாத்துச் சொல்லட்டும். சண்டை வேண்டாம்.”

அழகுமலை போகிறபோது ஆத்மநாதன் அருகில் நின்றார். “இப்ப சொல்றீக தம்பி. பத்து வருசம் முன்னாடி சொல்லியிருக்கக்கூடாதா? அப்ப எங்கப்பா உசுரோட இருந்தாரு.”

வீட்டுக்கு வந்ததும் நாகராசு கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சாப்பிட உட்கார்ந்து, தங்கை போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “பெரியவீடு சார்பா இந்தத் தடவை மாப்ளதான் வீசப்போறாப்ள. எழுதுன கையே வீசட்டும். என்னம்மா?”

பிச்சையம்மாள் ரசத்தை ஊற்றினாள். “வீசுவாக” என்றாள் புருசனைப் பார்க்காமல்.

வைகாசி இரண்டாம் வெள்ளி. கரை முழுக்கத் தலைகள். ஆலங்குடியிலிருந்தும் அன்னவாசலிலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஆத்மநாதன் மடைக்கு மேலே நின்றார். தோளில் நாகராசு போட்ட புது வெள்ளைத் துண்டு, பசை வாசனை போகாதது. பின்னால் நாகராசு, இறங்க இடமில்லை. முன்னால் தண்ணீர். இரண்டு பக்கமும் வலையும் ஊத்தாவுமாக ஜனம். கீழே மடையோரப் பள்ளத்தில் அழகுமலை இடுப்பளவுக்கு இறங்கிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது.

“யோவ், வீசுய்யா! மீனு கருவாடாகிரும்!” என்று ஒருவன் கத்தினான். கரை சிரித்தது.

அழகுமலை ஈர வேட்டியோடு மேலே வந்தார். “மடைக்கிட்ட ஒரு ஆள் மட்டம் குழி. அந்தப் பக்கம் போகவேணாம்னு சொல்லிட்டு வீசுங்க” என்றார்.

ஆத்மநாதன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினார். “நீங்க சொல்லுங்கண்ணே. நீங்களே வீசுங்க.”

அழகுமலை ஒரு முனையைப் பிடித்தார். அதற்குள் நாகராசு, “ஏய் மாப்ளே!” என்று ஆத்மநாதன் கையைப் பிடித்து இழுத்தார். மூன்று பேர் இழுப்பில் துண்டு ஒருமுறை மேலே எழும்பிப் படபடத்தது.

வெள்ளையாக ஏதோ ஆடியதைத்தான் ஜனம் பார்த்தது. அவ்வளவு போதும். ஓவென்று ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் குதித்தார்கள். யார் தடுப்பது? “மடைப்பக்கம் போகாதீங்க!” என்று அழகுமலை கத்தியது மட்டும் கேட்டது. நல்லவேளை, ஒருவரும் போகவில்லை. நாகராசு கையை விட்டார். துண்டு அழகுமலை கையோடு போனது. ஆத்மநாதன் கையில் ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து நாகராசு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிச்சையம்மாள் சோறு போடுவாள், பேச்சு அளந்துதான்.

மறுநாள் ஒரு நாளிதழில் மூன்றாம் பக்கத்தில் செய்தி: “கொழிஞ்சிப்பட்டியில் மீன்பிடித் திருவிழா. மரபுப்படி பெரியவீட்டு வகையறா சார்பில் ஆத்மநாதன் துண்டை வீசித் தொடங்கிவைத்தார்.” படத்தில் அவர் கை இருந்தது, துண்டு இருந்தது. துண்டின் மறுமுனையை அழகுமலை பிடித்திருந்த இடத்தில் பத்தியின் ஓரம் வந்து படம் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒத்தாசைப் பக்கத்தில் புதிதாக வந்த ஒருவர் கேட்டிருந்தார்: “கொழிஞ்சிப்பட்டி கட்டுரைக்கு இந்த நாளிதழ்ச் செய்தியைக் கூடுதல் மேற்கோளாகச் சேர்க்கலாமா?”

ஆத்மநாதனுக்கு விடை தெரியும். ஆயிரம் தடவை எழுதிய விடை. எழுதவில்லை. மேசையில் இருந்த சப்மெர்சிபிள் மோட்டாரை இழுத்து வைத்துக்கொண்டு கம்பி சுற்ற ஆரம்பித்தார். பத்து வருசத்தில் அவர் பார்த்தும் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான். மூன்றாம் நாள் அஸ்வர் பதில் சொல்லியிருந்தார்: “சேர்க்கலாம். விதிப்படி சரி.”

அன்று சாயங்காலம் ஆத்மநாதனுக்குச் சேதி எழுதும் பேச்சுப் பக்கத்தில் வைஷ்ணவி ஒரு வரி எழுதியிருந்தாள். “மோட்டார்க்காரன் என்று எழுதுகிறவரும் கரையில் நின்றவரும் நீங்கள்தான் என்று இப்போதுதான் தெரிந்தது ஐயா. துண்டை அப்பா துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். யாரையும் எடுக்கவிடவில்லை.”

அவர் பார்த்ததுதான். அழகுமலை வீட்டு வாசல் கொடியில் அந்தத் துண்டு கிடக்கிறது. கடைக்குப் போகவும் வரவும் தினமும் அதைத் தாண்டித்தான் வண்டியை விடவேண்டும். ஊரிலிருந்து ரோட்டுக்கு வேறு வழி கிடையாது.