ஜானிஸின் கைப்பட்டையும் அப்பாவின் பஸ்ஸும்

சிலிபினில் ஸ்கூல் பஸ் ஓட்டும் ஸ்டானிஸ்லாஸைக் கேலி பண்ண நினைப்பவர்கள் முந்திக்கொள்ளணும். இல்லையென்றால் அவனே பண்ணி முடித்துவிடுவான். "என் வயிறு முதல்ல வீட்டுக்குள்ள போயி உக்காந்துக்கும், நான் பின்னால வருவேன்லா" என்பான். பிறந்தது கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டிப் பால் எடுத்து, மேடும் பள்ளமுமாய் நடந்தே உடம்பு வற்றினவர்கள். இவனோ காலையில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். "எங்க குடும்பத்துக்குன்னு இருந்த நடையெல்லாம் எங்கப்பாவே நடந்து தீத்துட்டாரு" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான்.

அவன் மகள் ஜானிஸுக்குப் பத்து வயது. பிறக்கும்போது மூச்சு முட்டிப்போனதில் கால் இரண்டும் விறைப்பு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பாள். வாய்க்கு மட்டும் வாக்கர் வேண்டியதில்லை.

நம் ஆட்களுக்கு இப்படி ஒரு பிள்ளை மேல் அன்பு வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. ஒன்று தூக்கும், இல்லையென்றால் ஊட்டும். ஸ்டானிஸ்லாஸ் இரண்டையும் செய்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கு, நாற்காலியிலிருந்து மாதா கோயிலுக்குத் தூக்கு. நடுவில் இனிப்பு டின் பால் தாராளமாக ஊற்றி ஒரு டம்ளர் மைலோ. பிள்ளைக்கு உடம்பு ஏறியது, கால் இன்னும் சுணங்கியது. அவன் பெண்சாதி ஜோன்தான் கிளினிக்கில் விசாரித்து, கைபேசியிலேயே முகம் பார்த்துப் பேசிச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியில் மகளைச் சேர்த்தாள். வாரா வாரம் கோலாலம்பூரிலிருந்து கேரன் என்ற பெண் கூப்பிடுவாள்.

முதல் நாள் திரை முழுக்க ஸ்டானிஸ்லாஸ்தான்.

"அண்ணே, ஜானிஸ் எங்க?"

"இதோ இங்கதான். இந்த ஓரத்துல தெரியுது பாரும்மா, அது அவ காது."

"சரி, ஜானிஸுக்கு என்ன செய்யணும்னு ஆசை?"

"நல்லா நடக்கணும்னு ஆசை" என்றான் இவன்.

"அண்ணே, நான் காதுகிட்ட கேட்டேன்."

ஜானிஸ் அப்பாவைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். டிசம்பரில் கோயில் ஆட்கள் கூட்டமாக வீடு வீடாய்ப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடுவார்கள் இல்லையா, அந்தக் கேரலிங்தான் அவளுக்கு வேண்டும். "நானே உள்ள போயி, நின்னு பாடணும் அக்கா. போன வருசம் அப்பா தூக்கிட்டுப் போனாரு. எல்லாரும் மூச்சு வாங்குற அப்பாவையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் பாடுனத ஒருத்தரும் கேக்கல."

ஸ்டானிஸ்லாஸுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது.

கேரன் திட்டம் போட்டுக் கொடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைக் கையால் தள்ளுவது, வாசல்வரை வாக்கரில் போய் வருவது. மைலோவில் டின் பால் கூடாது. வீட்டில் எல்லோரும் கூடவே செய்யணும். கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் அனுப்பினாள். கை கால் எவ்வளவு அசைகிறது என்று அது கணக்கெடுத்துக் கேரனுக்குக் காட்டிவிடுமாம்.

ஜானிஸ் விடாமல் செய்தாள். அப்புறம் ஒரு வாரம் ஓயாத மழை. பிள்ளை இரண்டு தும்மல் தும்மினாள். ஸ்டானிஸ்லாஸுக்கு மனசு தாங்கவில்லை. "பாவம்லா, இந்த வாரம் ரெஸ்ட்" என்று பட்டையைக் கழற்றி வைத்தான். மழை விட்ட சாயங்காலம் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தான். தும்மும் பிள்ளைக்கு ஐஸ். அவன் அறிவு அவ்வளவுதான் என்று அவனே பின்னால் சொன்னான்.

கேரன் கூப்பிடும் நாள் நெருங்கியதும் பயம் பிடித்தது. ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்தால் பிள்ளையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவாளோ? விடிகாலையில் பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு பஸ்ஸை எடுத்தான். அதுவோ பழைய பஸ். ஸ்டீரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும். ரோட்டிலோ குழிக்குப் பஞ்சமில்லை.

"ஜானிஸ்! இவ்வளவு வலு வந்திருச்சா?" கேரன் கைதட்டினாள். "அப்ப இந்த வாரத்திலிருந்து பயிற்சிய ரெண்டு மடங்காக்கலாம்."

ஜானிஸ் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

பிள்ளை ரோஷக்காரி. பல்லைக் கடித்துக்கொண்டு ரெண்டு மடங்கும் செய்தாள். வாரம் முடிவதற்குள் தொடை பிடித்துக்கொண்டு நிற்கவே முடியவில்லை. ஜோன் எண்ணெய் தேய்த்துவிடும்போது, "எனக்கு இவ்வளவுதான் போலம்மா. கேரலிங் வேணாம்" என்றாள். அழக்கூட இல்லை.

அடுத்த தடவை கேரன் திரையில் வந்ததும் இவன் முந்திக்கொண்டான்.

"தங்கச்சி, போன தடவை நீ கைதட்டுனது இவளுக்கு இல்ல. என் பஸ்ஸுக்கு."

கேரனுக்குப் புரியவில்லை. பட்டையைக் கையில் கட்டி, பஸ் திருப்புவது போல் செய்து காட்டினான். மகளுக்குத் தொடை பிடித்துக்கொண்டதையும் சொன்னான். புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, அந்தக் கணக்க நம்பித்தானே பயிற்சியக் கூட்டுனேன்? பிள்ளைக்கு வலி நீங்க குடுத்தது. செய்யலன்னா செய்யலன்னு சொல்லுங்க, நான் யாரையும் எடுத்துவிட மாட்டேன்."

"அடிக்கிற தூரத்துல இருந்தா நீ என்னை அடிக்கலாம்மா. இங்க என் பெண்சாதி அந்த வேலையப் பாத்துக்குவா."

ஜானிஸ் வேறு யோசனையில் இருந்தாள். "அப்ப எனக்கு வலு இல்லாமப் போகலியா அக்கா?"

"இல்லவே இல்ல. ஒரு பஸ்ஸோட போட்டி போட்டிருக்க நீ."

"சரி. இனிமே பட்டைய நான்தான் கட்டுவேன், நான்தான் கழட்டுவேன். அப்பா தொடக்கூடாது. அப்பாவும் என்கூட உக்காந்து எழுந்திரிக்கணும்."

அன்றிலிருந்து வீட்டில் வாத்தியார் ஜானிஸ். அவள் சத்தமாய் எண்ண, இவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முக்குவான். கேரன் கூப்பிட்டால் முதல் புகார் இவன் மேல்தான்.

டிசம்பர் வந்தது. வெயில் தாழ்ந்ததும் கூட்டம் வேனில் கிளம்பியது. கித்தார் அடிப்பவன் ரோய்ஸ்டன். முதல் வீட்டில் ஜானிஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் உள்ளே பாட்டு முடிந்து கேக் வெட்டிவிட்டார்கள். ஸ்டானிஸ்லாஸின் கை தானாகத் தூக்கப் போனது. பிடித்து இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ரோய்ஸ்டன் அங்கிள்! அடுத்த வீட்டுல நான் உள்ள போன பிறகுதான் கித்தார்."

"சரிங்க பாஸ்."

அடுத்த வீட்டில் மொத்தக் கூட்டமும் அவள் பின்னால் காத்து நின்றது. வீட்டுக்கார அம்மா பதறி ஓடி வந்தாள். "ஐயோ பாவம், புள்ளையத் தூக்குங்களேன்!"

"தூக்காதீங்க அக்கா" என்றான் ஸ்டானிஸ்லாஸ். "இங்க ஒருத்தி திட்டுவா, கோலாலம்பூர்ல ஒருத்தி திட்டுவா."

ஜானிஸ் உள்ளே போய், வாக்கரைப் பிடித்து நின்று, பாடினாள். சுருதி கொஞ்சம் அங்கே இங்கே போனது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

மூன்றாவது வீட்டு வாசலில் அவள் வேனை விட்டு இறங்கவில்லை. "கால் வலிக்குது. இந்த வீடு நான் வரல. அடுத்ததுக்கு வாரேன்."

"சரி, நானும் இங்கயே உக்காந்துக்கிறேன்."

"எதுக்கு? நீங்க போயி பாடுங்கப்பா."

பிள்ளையைச் சுமக்காமல் இவன் ஒரு வீட்டுக்குள்ளும் பாடப் போனதில்லை. இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கூட்டத்தின் ஓரத்தில், வாசல் பக்கமாய்ப் போய் நின்றான். இத்தனை வருசம் மூச்சு வாங்கியே காலத்தை ஓட்டியதில் ஒரு வரிகூட மனப்பாடமில்லை. வாயை மட்டும் அசைத்தான்.

வேனுக்குள்ளிருந்து கூவல் வந்தது: "அப்பா! சத்தம் வரலப்பா!"