டிசைன் மூடிக்கொண்ட நேரங்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சின்னமனூரில் எங்கள் கடைக்குத் துணி கொடுத்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆவணியில் ஒரு வாரம் முழுக்க நான் கோபப்பட்டது மனிதர்கள்மேல் இல்லை, கம்ப்யூட்டர்மேல். கடையில் நாங்கள் இரண்டு பேர். நான் கம்ப்யூட்டரில் எம்ப்ராய்டரி டிசைன் போடுவேன். ஆண்டிபட்டியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த என் கூட்டாளி துணி வெட்டித் தைப்பாள். ஆர்டர் வாங்கிச் சீட்டு அடித்துக் கொடுப்பதும் அவள்தான். கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. ஆள் வந்தால் நான் நாற்காலியை விட்டு எழுந்து டீ குடிக்கப் போவேன். அவள் சீட்டு அடித்து முடித்ததும் மறுபடி வந்து உட்காருவேன்.

அந்த வாரம் எங்களுக்கு முதல் கல்யாண ஜாக்கெட் வந்திருந்தது. கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். மயிலும் மாங்காயும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே பென்சிலில் வரைந்த ஒரு திராட்சைக் குலையை நீட்டினாள். இரண்டு கையிலும் அது தொங்க வேண்டுமாம். பந்தலுக்கடியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். பழம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பார்த்த உடனே எனக்குக் கை பரபரத்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், வெள்ளி சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். தேனியிலோ மதுரையிலோ கொடுத்திருக்கலாம், எங்களை நம்பிக் கொடுத்திருக்கிறாள். நாங்கள் சொதப்பினால் அந்தப் பெண் முகூர்த்தத்துக்கு வெறும் ஜாக்கெட்டோடு உட்கார வேண்டியதுதான்.

பாதி குலை போட்டிருப்பேன், டிசைன் சாப்ட்வேர் தானாக மூடிக்கொண்டது. 'லைசென்ஸ் செல்லாது' என்று ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. திருட்டு நகல் என்றால் பேசாமல் இருந்திருப்பேன். முறையாக வாங்கியது, லைசென்ஸ் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி திறந்தது. அடுத்துக் கடை திறந்த நாளும் அதே கதை, வேறு நேரத்தில்.

வைரஸ் பார்த்தேன். சாப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். வயரை மாற்றினேன். கண் பட்டிருக்கும், மானிட்டரில் ஓர் எலுமிச்சம்பழம் கட்டுவோமா என்று என் கூட்டாளி மெல்லக் கேட்டாள். பழத்தைக் கட்டினால் லைசென்ஸ் வந்துவிடுமா என்று வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டேன். சாப்ட்வேர் விற்றவர்களின் உதவி எண்ணில் பேசிய தம்பி பொறுமைசாலி. எந்தெந்த நேரம் மூடுகிறது என்று எழுதி வைக்கச் சொன்னார். நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் ஒவ்வொன்றாக எழுதி வந்தேன்.

வியாழக்கிழமை மதியம் அது மூடியதோடு நிற்காமல் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். இனி ஒரே ஒரு தடவைதான் புது லைசென்ஸ் எண் தர முடியும், அதுவும் பூட்டிக்கொண்டால் அவ்வளவுதான் என்றார் அந்தத் தம்பி. நேரங்களை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சனி ஒன்பது இருபது. திங்கள் எட்டு. செவ்வாய் மூன்றேகால். புதன் பன்னிரண்டே முக்கால். இன்று, வியாழன், ஒன்று ஐம்பது.

வாசித்துக்கொண்டே சுவரை நிமிர்ந்து பார்த்தேன். அன்றைய நாள்காட்டித் தாளில் அடியில் அச்சடித்திருந்தது: ராகு காலம், ஒன்றரையிலிருந்து மூன்று. கையிலிருந்த தாள்களைத் திருப்பினேன். சனி, ஒன்பதிலிருந்து பத்தரை. திங்கள், ஏழரையிலிருந்து ஒன்பது. ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. போனில் ஆள் இருப்பதையே மறந்து, ராகு நம் கம்ப்யூட்டரையும் பிடித்துவிட்டானடி என்று கூவிக்கொண்டு தையல் மெஷினுக்கு ஓடினேன்.

அவள் சிரிக்கவில்லை. மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாந்தேன்க்கா. நேரத்த மாத்துனது நாந்தேன்."

முந்தின வாரம் ஓர் அம்மா, சீட்டின் அடியில் அச்சாகியிருந்த நேரத்தைப் பார்த்துவிட்டு, ராகு காலத்தில் எழுதிய சீட்டு எனக்கு வேண்டாம் என்று துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். அதிலிருந்து ராகு காலத்தில் ஆள் வந்தால், கம்ப்யூட்டர் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துச் சீட்டு அடித்திருக்கிறாள். ராகு காலம் முடிந்ததும் சரியாக்கிவிடுவாள். கடிகாரம் பின்னால் போனால், லைசென்ஸ் முடிந்த யாரோ தேதியை மாற்றி ஏமாற்றுகிறார்கள் என்று சாப்ட்வேர் நினைத்துக்கொள்ளும் என்றார் போனில் காத்திருந்த தம்பி. கரன்ட் போய்ப் போய் வந்த ஆடிக்காற்றில் அந்தக் கடிகாரத்தைத் திருத்த அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்:

"ஆண்டிபட்டியில நாந் தனியா வச்ச கடை ஆறு மாசத்துல போச்சு. ராகு காலத்துல தெறந்தா வெளங்குமான்னு ஊரே சொன்னாக. இதும் போயிறக் கூடாதுல்லக்கா."

இரண்டு வருடமாகக் கூடவே இருந்தும் இதை என்னிடம் அவள் சொன்னதில்லை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

புது எண் வெள்ளிக்கிழமை காலை பத்து ஐம்பதுக்குத்தான் போனில் வந்தது. அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்ன காலம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பன்னிரண்டு வரை பொறுக்க முடியாதா என்று அவள் கேட்டாள். முடியாது என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பென்சில் குலையைப் பார்த்தாள். பிறகு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க வாசிங்கக்கா, நா அடிக்கிறேன்."

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பாதி போட்ட திராட்சைக் குலை அப்படியே வந்து நின்றது. அவளைக் கட்டிப்பிடித்து நான் குதித்த குதியில் ஊசி டப்பா கவிழ்ந்தது. மத்தியானச் சாப்பாட்டை மறந்து மீதியைப் போட்டு முடித்தேன். எம்ப்ராய்டரி மெஷின் ஊதா நூலைக் குடித்துக்கொண்டே ஓடியது. அந்தப் பெண்ணின் துணிக்கான பழைய சீட்டு ஊசிகளோடு கிடந்து கிழிந்துவிட்டதால், நான் வேலையில் உட்காரும் முன்பே அவள் புதுச் சீட்டு அடித்திருந்தாள். கடிகாரத்தைத் தொடவில்லை. வெள்ளி, பதினொன்று பத்து என்று அச்சாகியிருந்தது.

ஐந்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். ஜாக்கெட் கையைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு பழமாக விரலால் தடவினாள். அவளுக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். சீட்டை எடுத்து வாசித்தாள். என் கூட்டாளிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ராகு காலமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். நாங்கள் தலையாட்டினோம்.

"எங்க தோட்டத்துல லாரி வந்து நின்னாத்தேன் நல்ல நேரம். ராகு காலம் பாத்தா பழம் கொடியிலேயே அழுகிரும்க்கா."

சீட்டை ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அவள் போன பிறகு, திட்டக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, என் கூட்டாளி மானிட்டரைத் திருப்பிக் காட்டினாள். பின்னால் நூலில் ஓர் எலுமிச்சம்பழம் தொங்கியது.

"இது லைசென்ஸ ஒண்ணும் பண்ணாதுல்லக்கா?"

இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.