காலியாகத் திரும்பிய ஜக்

1996 பெப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. புறநகரான அஜக்ஸிலிருந்து வழக்கமான ரயிலில் வந்து, பனிச்சப்பாத்தை மாற்றிக்கொண்டு, இரவுத் தாதியிடம் பொறுப்பை ஏற்றேன். மகப்பேற்று வைத்தியசாலையில் பிள்ளை பெற்ற தாய்மார் தங்கும் விடுதிக்கு நான்தான் நிர்வாகத் தாதி.

ஜன்னலோரக் கட்டிலில், சத்திரசிகிச்சையில் பிள்ளை பெற்ற யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். மறுநாள் வீட்டுக்குப் போகவேண்டியவள். நாக்கு வறண்டிருந்தது, சிறுநீர் குறைவு, பாலும் சரியாகச் சுரக்கவில்லை. ஆனால் அவளுடைய தண்ணீர் ஜக் ஒவ்வொரு முறையும் காலியாகவே திரும்பியது. வைத்தியருக்குக் குழப்பம். காலைக்குள் தேறாவிட்டால் மீண்டும் சேலைன் ஏற்றவேண்டும், வீட்டுக்கு விடமுடியாது என்றார். வீட்டில் அவளுடைய மூத்த பிள்ளை அம்மாவைத் தேடி அழுதுகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் நான் போனபோது, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி அவள் ஜக்கைக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் கட்டிகள் சரிந்து விழுந்தன.

"ஏன் பிள்ளை ஊத்துறீர்?"

"பச்சை உடம்போட ஐஸ் தண்ணி குடிக்கலாமே, அன்ரி? அப்பிடியே வச்சிருந்தா தண்ணி கொண்டுவாற அந்த நேர்ஸ் மிஸிக்கு மனம் நோகும். பாவம், சிரிச்சுக்கொண்டு வாறா."

"மிஸி நல்லாத்தான் இருக்கிறா. நீர்தான் கருவாடு மாதிரிக் காய்ஞ்சு போனீர்."

"சிரிக்க வையாதேங்கோ, தையல் இழுக்குது."

எங்கள் ஓய்வறையிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாயில் வைத்த கோப்பையை எடுக்காமலே குடித்து முடித்தாள். அவளுடைய கணவரை வீட்டிலிருந்து மல்லித்தண்ணி கொண்டுவரச் சொன்னேன்.

ஒருத்திக்கு மட்டும் செய்தால் அது தயவு. விடுதிக்கே வழக்கமானால்தான் அது பராமரிப்பு. பிற்பகல், எல்லாத் தாய்மாருக்கும் சூடான தண்ணீர் கேட்டு வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் போனேன். சுடுதண்ணீர் குழந்தைமேல் கொட்டினால் என்ன செய்வது என்று அவர் தயங்கினார். கொதிக்கும் நீர் வேண்டாம், மூடிய பிளாஸ்கில் இளஞ்சூடாகத் தரலாம் என்றேன். பிள்ளை பெற்றவர் குளிர்ந்த தண்ணீர் குடிக்கக்கூடாது என்றுதான் தன் தாயும் சொல்வார் என்று, அங்கே இருந்த சீனத் தாதி ஒருவர் சொன்னதும் பணிப்பாளர் இணங்கினார். இனி எல்லாத் தாய்மாரிடமும் சூடா குளிரா என்று கேட்டுத்தான் தண்ணீர் வைக்கவேண்டும். எவ்வளவு குடித்தார் என்பதை ஜக்கைப் பார்த்து எழுதாமல் அவரிடமே கேட்கவேண்டும்.

மாலையில் அவளுடைய நாக்கு ஈரமாக இருந்தது. குழந்தை சத்தம் கேட்கப் பால் குடித்தது. ரயிலில் இடமில்லை, அஜக்ஸ்வரை நின்றுகொண்டே, சிரித்த முகத்தோடு போனேன்.

மறுநாள் காலை, மேலங்கியைக் கழற்றும் முன்பே, அவளுடைய கட்டிலருகில் தயாராக நின்ற சேலைன் கம்பத்தை உருட்டிக்கொண்டுபோய்க் களஞ்சிய அறையில் விட்டேன்.