ஆனை தின்ற அதிரசம்

என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை முறை "மதினி" என்று கூப்பிடுவார் என்பது எனக்கு அப்போது துல்லியமாகத் தெரியும். எண்ணியிருக்கிறேன். மதினி என்றால் அவருடைய அண்ணன் மனைவி. எனக்கு அக்கா முறை. எழுபதுகளின் கடைசியில் நான் பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து போடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அந்த வீட்டில் எதைச் செய்வதாக இருந்தாலும் அவளைத்தான் கேட்பார்கள். வீட்டில் கேட்டுவிட்டுப் போகட்டும். மலையிலும் அதே கதைதான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குரங்கணி மலைக்கு மேலே எங்கள் குடும்பம் கொஞ்சம் ஏலக்காடு குத்தகைக்கு எடுத்திருந்தது. காய் எடுப்புக்கு ஆவணியில் ஏறினால் தீபாவளிக்குத்தான் இறங்குவார்கள். அண்ணன்காரர் போடியில் மாடுகளையும் வயலையும் பார்த்துக்கொள்வார். மலைக்கு அக்காவும் என் வீட்டுக்காரரும், கூலிக்கு இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் போவார்கள். அந்த வருஷம் அடம் பிடித்து நானும் போனேன். அத்தனை நாள் அவர்கள் இருவரும் மேலே, நான் கீழே என்று நினைத்தாலே வயிறு எரிந்தது. தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. அவள் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அவருடைய காது முழுக்க அவளுக்கென்று ஆகிவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

அக்கா பிறந்ததே இடுக்கிப் பக்கத்து எஸ்டேட்டில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில். ஆனை, கரடியின் குணமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களின் குணத்தைப் போல அவளுக்கு அத்துப்படி. குடிசை போட நான் ஓடைக்குப் பக்கத்தில் மேடு பள்ளமில்லாத ஓர் இடத்தைக் காட்டினேன். அவருக்கும் பிடித்திருந்தது. அவள் வந்து தரையைப் பார்த்தாள்.

"இது ஆனை தண்ணிக்கு எறங்குற தடம் தம்பி. அது நடந்து நடந்துதேன் இம்புட்டுச் சமமா இருக்கு. மேட்டுக்குப் போயிருவோம்."

"மதினி சொன்னாச் சரிதான்" என்று அவர் மூட்டையைத் தூக்கிவிட்டார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேட்டில் பெண்களுக்கு ஒரு குடிசை, ஆண்களுக்கு ஒன்று. அடுப்பு இரண்டுக்கும் எட்ட, தனியாக. பொழுது சாய்வதற்குள் ஆக்கித் தின்றுவிட வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தூரக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். அரிசி, உப்பு, வெல்லம் எல்லாவற்றையும் ஒரு தகர டின்னில் போட்டு, தள்ளி நின்ற மரத்தின் உயரக் கிளையில் கயிறு போட்டு ஏற்றிவிட வேண்டும். தண்ணீருக்கு இரண்டு பேராக, சத்தமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது. கல்யாணமாகி ஆறு மாதமே ஆகியிருந்த எனக்கு, அந்தக் கடைசிச் சட்டம் என்னைப் பார்த்தே போட்டதாகப் பட்டது.

"குடிசைக்குள்ள திங்கிற பண்டம் ஒரு துணுக்கு இருக்கக்கூடாது. வச்சவுக யாரா இருந்தாலும் மறுநாளே மலைய விட்டு எறங்கிரணும்" என்றாள். எல்லோரும் தலையாட்டினோம்.

நான் தலையாட்டியபோது என் துணிமூட்டைக்குள் ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம் இருந்தது. என் ஆத்தா மருமகனுக்கென்று சுட்டுக் கொடுத்தது. டின்னில் போட்டால் அக்காதான் எடுத்துப் பங்கு வைப்பாள். அவர் "மதினி, இன்னொண்ணு" என்று அவளிடம் கை நீட்டுவார். என் ஆத்தா சுட்டதை அவள் கையிலிருந்தா வாங்குவது? தனியாக இருக்கும்போது நானே கொடுக்க நினைத்தேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, வாசனை வெளியே வராது என்று நம்பினேன். ஐந்து நாளாகியும் அந்தத் தனி நேரம் வாய்க்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் கூலிக்கு வந்த பெண்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். குடிசையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றாள். அக்கா விடவில்லை.

"ஒத்தையில இருக்கக்கூடாது. கம்பளியப் போத்திக்கிட்டு வா. நாங்க எடுக்குற எடத்துலயே படுத்துக்க."

நான் அவளுக்குப் பரிந்து பேசினேன். இரக்கத்தால் அல்ல, அக்காவின் பேச்சு ஒரு தடவையாவது எடுபடாமல் போகட்டுமே என்றுதான். "காய்ச்சக்காரிய இழுத்துட்டுப் போறது என்ன நியாயம்?" என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அதான் மதினி சொல்லியாச்சுல்ல" என்றார்.

மதியம் கஞ்சி குடிக்கத் திரும்பியபோது ஆண்கள் குடிசை அப்படியே நின்றது. பெண்கள் குடிசையைக் காணோம். கம்புகள் முறிந்து, கூரைப்புல் சரிவு முழுக்கச் சிதறிக் கிடந்தது. காய்ச்சல்காரியின் பாய் கிடந்த மூலையில் ஆனைக்கால் பதிந்த குழி. நடுவில் நசுங்கிய தூக்குவாளி, வெல்லமும் நெய்யுமாக மணத்துக்கொண்டு. அந்தப் பெண் குழிக்குள்ளிருந்து தன் பாயின் துணுக்கை எடுத்துப் பார்த்தாள்.

"யாரு வச்சது?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

நான் கூரைப்புல்லைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். ஓர் உயிரைக் கொன்றிருப்பேனே என்ற நடுக்கம் இருந்தது. அதைவிட, நான் இறங்கிப் போனால் அவள் மட்டும் மேலே அவரோடு இருப்பாளே என்ற நினைப்புதான் பெரிதாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் அதுதான்.

அக்கா தூக்குவாளியை எடுத்தாள். கைப்பிடியில் என் ஆத்தா சுற்றிவிட்ட மஞ்சள் துணி இருந்தது. போடி வீட்டில் அதை அவள் பார்த்திருக்கிறாள். துணியை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டாள்.

"நாந்தேன் வச்சேன் தம்பி. புத்தி கெட்டுப்போச்சு."

"நீங்களா மதினி?" என்றார் அவர். அப்படிக் கசந்த குரலில் அவர் அவளிடம் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அப்படி ஒரு நாள் பேச மாட்டாரா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்.

அவள் போட்ட சட்டப்படி மறுநாளே, சுமைக் கழுதைக்காரர்களோடு அவள் இறங்கினாள். புறப்படும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் போனா எம் புருஷன் ஒண்ணும் கேக்க மாட்டாரு. நீ போனா தம்பி ஒன்னிய மறுபடி மலைக்குக் கூட்டியார மாட்டாரு. டின்ன ஏத்துனதும் கயித்த ஒரு தடவ இழுத்துப் பாத்துக்க. காய்ச்சக்காரிய ஒத்தையில விட்றாத."

அவ்வளவுதான். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிறகு டின்னை ஏற்றுவதும், கயிற்றை இழுத்துப் பார்ப்பதும், யாரும் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பாயிற்று. ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "மதினிய விட நீ கெட்டிக்காரி புள்ள" என்றார். அதைக் கேட்கத்தான் அத்தனை மலை ஏறியிருந்தேன். கேட்டதும் அது எனக்குச் சேராத பேச்சாகப் பட்டது. அதிரசம் வைத்தது நான்தான் என்று சொல்லிவிட வாயைத் திறந்து, குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்டேன்.

தீபாவளிக்கு இறங்கினோம். அக்கா அதிரசம் சுட்டிருந்தாள். அவருடைய இலையில் வைத்தபோது, "ஆனைக்கு எடுத்து வச்சாச்சா மதினி?" என்றார். வீடே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே வந்து என் இலையில் இரண்டு வைத்தாள்.

எண்பதுகள் முழுக்க ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கேலி தவறாமல் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் புதிதாகக் கேட்பவள் மாதிரி வாய்விட்டுச் சிரிப்பாள். கூடவே நானும் சிரிப்பேன். ஆனால் அவளைப் போல எனக்கு ஒரு தடவைகூடச் சிரிக்க வந்ததில்லை. அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குப் பொறாமைதான்.